நூலைப் போல சேலை

“தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை” என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. இதைச் சொல்லி வைத்தவர்கள் நுண்ணோக்கியைக் கண்டவர்கள் அல்லர். ஆயினும், பிள்ளை தாயை ஒத்திருப்பதற்குக் காரணமான பொருளை விஞ்ஞானிகள் தேடிப் பிடித்தபோது அதுவும் ஒரு நூலாகவே இருந்தது! தமிழில் நூல் என்றால் இழை. நூல் என்றால் ஏடு. டி. என். ஏ. என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும் அப்பொருள் இழையும் ஆகும், ஏடும் ஆகும்.

இக்கட்டுரையில் முதலில் அதனை இழையாகப் பார்ப்போம். பிறகு ஏடாகப் படிப்போம். அவ்வேட்டில் ஓர் எழுத்து மாறியதால் ஏற்பட்டு, நமது நகரத்தின் பெயரையே தாங்கி நிற்கும் ஓர் இரத்த வகையைப் பற்றி இறுதியில் கூறுவேன். அச்செய்தி மருத்துவமனையோடு நில்லாமல் நம் வீட்டு மணப்பந்தல் வரை வரக்கூடியது.

கண்ணால் காணும் இழை

டி. என். ஏ.யைக் காண ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. விடுதி அறையே போதும். நன்கு பழுத்த வாழைப்பழத் துண்டு ஒன்றை நீர்விட்டுப் பிசைந்து, ஒரு சிட்டிகை உப்பும், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சிறிதும் சேர்த்து மெல்லக் கலக்குங்கள். பத்து நிமிடம் கழித்துத் துணியில் வடிகட்டிக் கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டை நன்கு குளிர வைத்து, குவளையின் ஓரமாக மெல்ல வழியவிடுங்கள். (ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும், அடுப்பருகில் வேண்டாம்.) இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெண்மையான நார் போன்றதொரு பொருள் திரண்டு எழும். அது தூய டி. என். ஏ. அன்று, புரதமும் பிறவும் ஒட்டியிருக்கும். ஆனாலும் குச்சியால் சுற்றி எடுக்கும் அளவுக்கு இழையாக வருவதைக் கண்ணாரக் காணலாம்.

இதில் நடந்தது என்ன? ஒவ்வோர் உயிரணுவையும், அதன் நடுவிலுள்ள உட்கருவையும் கொழுப்பாலான மெல்லிய உறை சூழ்ந்திருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவும் சோப்பு அவ்வுறையையும் கரைத்துவிடுகிறது. உள்ளிருந்து வெளிவரும் இழை எதிர்மின்னேற்றம் கொண்டது. ஆகையால் இழைகள் ஒன்றையொன்று தள்ளும். உப்பிலுள்ள சோடியம் நேர்மின்னேற்றத்தோடு அருகில் வந்து அப்பகையைத் தணிக்கிறது. நீரில் கரையும் டி. என். ஏ. ஸ்பிரிட்டில் கரையாது, ஆகவே திரண்டு வெளியே வருகிறது.

இழை எதனால் ஆயது?

1869-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், பிரீட்ரிக் மீஷர் என்ற சுவிட்சர்லாந்து இளைஞர், மருத்துவமனையிலிருந்து வந்த புண்கட்டுத் துணிகளின் சீழிலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, அவற்றின் உட்கருவில் இருந்த ஒரு பொருளை ஆராய்ந்தார். அதில் பாஸ்பரஸ் மிகுந்திருந்தது. அதுவரை அறிந்த புரதங்களைப் போல் அது நடந்துகொள்ளவில்லை. உட்கருவில் கிடைத்ததால் ‘நியூக்ளின்’ என்று பெயரிட்டார். இன்று டி. என். ஏ. என்பது அதுவே. கந்தல் துணியிலே கிடைத்த மாணிக்கம்!

இதன் முழுப் பெயர் டி-ஆக்சி-ரிபோ நியூக்ளிக் அமிலம். பெயர் நீளம், பொருள் எளிது. ரிபோஸ் என்பது ஐந்து கார்பன் அணுக்களைக் கொண்ட ஒரு சர்க்கரை. அதன் இரண்டாம் கார்பனில் ஓர் ஆக்சிஜன் குறைந்தால் ‘டி-ஆக்சி’. அவ்வளவே. இந்தச் சர்க்கரையும், பாஸ்பரஸ் அணு ஒன்றோடு நான்கு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோக்கப்பட்டு நீண்ட சரமாகின்றன. ஒரு சர்க்கரையின் மூன்றாம் கார்பனும் அடுத்த சர்க்கரையின் ஐந்தாம் கார்பனும் பாஸ்பேட்டின் வழியாகக் கைகோக்கின்றன. ஆகவே சரத்துக்குத் தலை என்றும் வால் என்றும் இரு முனைகள் உண்டு.

ஒவ்வொரு சர்க்கரையிலும் ஒரு ‘காரம்’ தொங்குகிறது. நைட்ரஜன் மிகுந்த, தட்டையான வளையம் அது. நான்கு வகைக் காரங்கள் உள்ளன: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். நம் வசதிக்காக இவற்றை அ, தை, கு, சை என்று அழைப்போம். அ, கு ஆகிய இரண்டும் இரட்டை வளையம் கொண்டவை. தை, சை ஆகிய இரண்டும் ஒற்றை வளையம் கொண்டவை.

பல ஆண்டுகள் வரை இந்தச் சாதாரணச் சரத்துக்குப் பெரிய வேலை இருக்கும் என்று எவரும் கருதவில்லை. மரபைச் சுமப்பது புரதமே என்பது அந்நாளைய துணிபு. 1944-இல் நியூயார்க்கில் ஏவரி, மக்லாயிடு, மக்கார்ட்டி ஆகிய மூவரும், நோய் செய்யாத பாக்டீரியாவை நோய் செய்வதாக மாற்றும் ஆற்றல் டி. என். ஏ.விடம் இருப்பதைக் காட்டினர். 1952-இல் ஹெர்ஷியும் சேசும் வைரஸைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். புரதத்தில் கந்தகம் உண்டு, பாஸ்பரஸ் இல்லை, டி. என். ஏ.யில் பாஸ்பரஸ் உண்டு, கந்தகம் இல்லை. கதிரியக்கக் கந்தகத்தால் ஒன்றையும், கதிரியக்கப் பாஸ்பரஸால் மற்றொன்றையும் அடையாளமிட்டு, வைரஸ் பாக்டீரியாவுக்குள் எதனைச் செலுத்துகிறது என்று பார்த்தனர். உள்ளே சென்றது பாஸ்பரஸ். மரபின் பொருள் எது என்ற வழக்கு ஏறத்தாழத் தீர்ந்தது.

ஏணியும் முறுக்கும்

சார்காப் என்ற வேதியியலார் பலவகை உயிர்களின் டி. என். ஏ.யைப் பகுத்து 1950-இல் ஒரு விந்தையை அறிவித்திருந்தார்: எந்த உயிராயினும் அ எவ்வளவோ அவ்வளவே தை, கு எவ்வளவோ அவ்வளவே சை. 1952 மே மாதம் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் பிராங்க்ளினின் மேற்பார்வையில் மாணவர் ரேமண்ட் காஸ்லிங் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படம் திருகு வடிவத்தைத் தெளிவாகக் காட்டியது. இவ்விரண்டையும் துணைக்கொண்டு வாட்சன், கிரிக் இருவரும் 1953 ஏப்ரல் 25-இல் ‘நேச்சர்’ இதழில் தங்கள் அமைப்பை வெளியிட்டனர். 1962-இல் அவர்களுக்கும் வில்கின்சுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பிராங்க்ளின் 1958-இலேயே தமது 37-ஆம் வயதில் காலமாகிவிட்டார்.

அவ்வமைப்பு இதுதான். இரண்டு சரங்கள் ஓர் ஏணியின் இரு கால்களாக நிற்கின்றன. காரங்கள் உள்நோக்கி நீண்டு ஏணிப்படிகளாகின்றன. அ-வின் எதிரில் தை. கு-வின் எதிரில் சை. இரட்டை வளையத்துக்கு எதிரே எப்பொழுதும் ஒற்றை வளையமே வருவதால் எல்லாப் படிகளும் ஒரே அகலம். சார்காப் கண்ட விந்தைக்கு விடை இதுவே. அ–தை படியை இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளும், கு–சை படியை மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகளும் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு பிணைப்பும் மெல்லியது. கோடிக்கணக்கில் சேரும்போது வலியது.

இரு கால்களும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. நமது மாடுங்கா நிலையத்தில் ஒரு தண்டவாளத்தில் வண்டி தாதரை நோக்கியும், பக்கத்துத் தண்டவாளத்தில் சயானை நோக்கியும் செல்வது போல, ஒன்றின் தலைப்பக்கம் மற்றதன் வால்பக்கமாக இருக்கும்.

ஏணி ஏன் முறுக்கிக்கொள்கிறது? காரங்கள் தட்டையானவை, நீரை விரும்பாதவை. தோசைகளை அடுக்கினாற்போல ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி, இடையில் நீர் புகாமல் இருக்கவே முயல்கின்றன. மின்னேற்றமுடைய பாஸ்பேட்டோ நீரை நாடி வெளிப்புறம் நிற்கிறது. கால்களில் அடுத்தடுத்த சர்க்கரைகளுக்கு இடைவெளி அதிகம். காரத்தின் பருமன் குறைவு. ஏணியைத் திருகினால்தான் படிகள் நெருங்கும். ஆகவே படிக்குப் படி 3.4 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி. ஏறத்தாழப் பத்துப் படிகளுக்கு ஒரு முழுச் சுற்று. ஏணியின் அகலம் 20 ஆங்ஸ்ட்ராம். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு ஓர் ஆங்ஸ்ட்ராம்.

தாயிடமிருந்து ஏறத்தாழ 300 கோடிப் படிகள், தந்தையிடமிருந்து அவ்வளவே. ஓர் உயிரணுவிலுள்ள இழை முழுவதையும் நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அதனை அடக்கியிருக்கும் உட்கருவோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்தது!

இங்கே ஒரு தமிழறிஞரைக் குறிப்பிட வேண்டும். உயிரணு பிரியும்போது ஏணி நடுவே பிளந்து இரண்டாகிறது. இத்தனை கோடி முறை முறுக்கிய கயிறு சிக்கில்லாமல் பிரிவது எங்ஙனம்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனிடம் பயின்று, அவரோடும் சி. இராமகிருஷ்ணனோடும் 1963-இல் புரத அமைப்புக்குரிய புகழ்பெற்ற ‘இராமச்சந்திரன் வரைபட’த்தை உருவாக்கிய வி. சசிசேகரன், 1976-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலிருந்து இவ்வினாவை மீண்டும் எழுப்பினார். இரு சரங்களும் ஒன்றையொன்று சுற்றாமல், சிறிது வலமாகவும் சிறிது இடமாகவும் நெளிந்து அருகருகே கிடக்கலாம் என்று ஓர் அமைப்பை முன்வைத்தார். நியூசிலாந்தில் ராட்லி குழுவினரும் அதே ஆண்டில் தனியே அத்தகைய கருத்தைக் கூறினர். 1980-இல் டி. என். ஏ. படிகத்தின் நுட்பமான எக்ஸ்-கதிர் ஆய்வு வெளிவந்தபோது வலஞ்சுழித் திருகே உறுதிப்பட்டது. சிக்கை அவிழ்ப்பதற்கு, இழையை வெட்டிச் சுழலவிட்டு மீண்டும் ஒட்டும் நொதிகள் இருக்கின்றன. ஆயினும் உலகமே ஒப்புக்கொண்ட ஒன்றைப் பார்த்து, “பிரிவது எப்படி?” என்று கேட்ட அந்தத் துணிவு, விஞ்ஞானம் பயிலும் எவருக்கும் வேண்டிய துணிவன்றோ!

ஏடும் எழுத்தும்

இனி இழையை ஏடாகப் படிப்போம். தமிழுக்கு எழுத்து 247. இந்த ஏட்டுக்கு நான்கே. மும்மூன்று எழுத்துகள் சேர்ந்து ஒரு சொல். நான்கு எழுத்தில் இவ்வாறு 64 சொற்கள் ஆகும். அவற்றுள் 61 சொற்கள் இருபது அமினோ அமிலங்களைக் குறிக்கும். மூன்று சொற்கள் முற்றுப்புள்ளிகள். அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்தால் புரதம். இச்சொற்களின் பொருளைக் கண்டறிந்ததற்காக நம் நாட்டில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா 1968-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஓர் எழுத்து மாறினால் என்ன நேரும்? மூன்றெழுத்துச் சொற்களாலான ஒரு தமிழ்த் தொடரை எடுத்துக்கொள்வோம்:

தம்பி பழம் கொண்டா

‘ழ’ இருந்த இடத்தில் ‘ண’ வந்தால், “தம்பி பணம் கொண்டா” என்றாகும். இலக்கணம் வழுவவில்லை; பொருள் அடியோடு மாறிவிட்டது. மாறாக, ‘ம்’ என்ற ஓர் எழுத்து விடுபட்டு, மூன்று மூன்றாகப் படிக்கும் வழக்கம் மட்டும் தொடர்ந்தால், “தபிப ழம்கொ ண்டா” என்றாகும். அவ்விடத்திலிருந்து எல்லாமே உளறல். இயற்கையில் இவ்விரு பிழைகளும் நேர்கின்றன. இரண்டையும் நம் இரத்த வகைகளிலேயே காணலாம்.

பம்பாய் தந்த பாடம்

சிவப்பணுவின் மேற்பரப்பில் சர்க்கரைச் சரங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சரத்தின் நுனியில் பியூகோஸ் என்ற சர்க்கரையை ஒரு நொதி சேர்த்தால் அதற்கு ‘எச்’ என்று பெயர். எச் என்பது அடிப்பலகை. அதன்மேல் ஒரு சர்க்கரையைச் சேர்ப்பவர் ஏ வகை. வேறொரு சர்க்கரையைச் சேர்ப்பவர் பி வகை. இரண்டையும் சேர்ப்பவர் ஏபி வகை. ஒன்றும் சேர்க்காமல் வெறும் எச்சோடு இருப்பவர் ஓ வகை. ஓ வகையினர் பெரும்பாலோரிடம், சர்க்கரை சேர்க்கும் நொதிக்குரிய மரபணுவின் 261-ஆம் எழுத்தாகிய ‘கு’ விடுபட்டிருக்கிறது. அதன்பின் வருவதெல்லாம் “ழம்கொ ண்டா”. ஆகவே நொதி உருவாவதில்லை.

அடிப்பலகையே இல்லாதவர் எவரும் இருப்பர் என்று 1952 வரை உலகம் அறியவில்லை. அவ்வாண்டில், ஹெர்ஷி–சேஸ் சோதனையும் பிராங்க்ளினின் படமும் வெளிநாட்டில் உருவான அதே 1952-இல், நம் பம்பாயில் ஒய். எம். பெண்டே, சி. கே. தேஷ்பாண்டே, எச். எம். பாட்டியா ஆகிய மருத்துவர்கள் சிலரிடம் புதுமையான இரத்தத்தைக் கண்டனர். சாதாரணச் சோதனையில் அது ஓ போலத் தோன்றியது. ஆனால் ஓ வகை இரத்தத்தோடு கலந்தபோதே கட்டி கட்டியாகத் திரளச் செய்தது. எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று நாம் படித்த ஓ வகை இரத்தம் இவர்களுக்கு நஞ்சு! எச்சே இல்லாத உடல் எச்சைப் பகையாகக் கண்டு எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்திருந்ததே காரணம். இலண்டனிலிருந்த இரத்த ஆய்வாளர்கள் நால்வரோடு சேர்ந்து இதனை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். நகரின் பெயர் பின்னர் 1995-இல் மும்பை ஆயிற்று. அவ்விரத்த வகையின் பெயர் இன்றும் ‘பம்பாய்’ வகையே.

இதன் வேரை 1997-இல் ஆய்வாளர்கள் எழுத்தளவில் கண்டனர். எச்சை உண்டாக்கும் நொதி 365 அமினோ அமிலங்களாலானது; அதன் மரபணு 19-ஆம் குரோமோசோமில் உள்ளது. இந்தியப் பம்பாய் வகையினரிடம் அம்மரபணுவின் 725-ஆம் எழுத்து ‘தை’யாக இராமல் ‘கு’வாக இருந்தது. ஏணியின் மொழியில் சொன்னால், இரண்டு பிணைப்புள்ள ஒரு படி மூன்று பிணைப்புள்ள படியாக மாறியது. அதனால் 242-ஆம் அமினோ அமிலம் லியூசினாக இராமல் ஆர்ஜினைனாக ஆயிற்று. லியூசின் எண்ணெயைப் போல நீரை ஒதுக்குவது. ஆர்ஜினைன் நேர்மின்னேற்றத்தோடு நீரை நாடுவது. நொதி பயனற்றதாயிற்று. பழம் பணமான கதைதான்.

நம் வீட்டுக் கணக்கு

பம்பாய் வகையினர் முழு நலத்தோடு வாழ்பவர்கள். விபத்தோ, அறுவையோ, பேறுகாலமோ இரத்தம் கேட்கும்போதுதான் ஆபத்து. அவர்களுக்குப் பம்பாய் வகை இரத்தம் மட்டுமே பொருந்தும். இந்தியாவில் 10,000 பேருக்கு ஒருவர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

இனி ஒரு சிறு கணிதம். ஒவ்வொரு மரபணுவுக்கும் நம்மிடம் இரண்டு பிரதிகள். தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. இரண்டிலும் பிழையிருந்தால்தான் ஒருவர் பம்பாய் வகை ஆவார். 10,000-இல் ஒருவர் என்றால், 100 பிரதிகளில் ஒன்று பிழையுடையது. ஆகவே, தம்மையறியாமல் ஒரு பிழைப் பிரதியைச் சுமப்பவர் ஏறத்தாழ 50 பேரில் ஒருவர்.

மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தால், பிறக்கும் பிள்ளையின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்க 16-இல் ஒரு வாய்ப்பு உண்டு. அக்காள் மகளை மணந்தால் 8-இல் ஒரு வாய்ப்பு. இதனைச் சேர்த்துக் கணக்கிட்டால், முதலாவதில் 10,000-இல் ஏறத்தாழ 7 பிள்ளைகளும், இரண்டாவதில் ஏறத்தாழ 13 பிள்ளைகளும் பம்பாய் வகையாகலாம். இக்கணக்கு இரத்த வகையோடு நிற்பதில்லை. தலசீமியா முதலாக, இரண்டு பிழைப் பிரதிகளால் வரும் கொடிய நோய்கள் பலவற்றுக்கும் இதே விதிதான்.

எங்கள் குடும்பம் தாராவிக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. ஆயினும் பெண் தேடுவது இன்றும் திருநெல்வேலிச் சீமையில், அதுவும் சொந்தத்தில்தான். என் பாட்டி தம் தாய்மாமனை மணந்தவர். இப்பொழுது எனக்கும் மாமன் மகள் பேச்சு எழுந்திருக்கிறது. மேற்கண்ட கணக்கை ஒரு காகிதத்தில் போட்டு அப்பாவிடம் காட்டினேன். “உன் பாட்டிக்கு எட்டுப் பிள்ளைகள். எல்லாம் நல்லாத்தானே இருக்கோம்?” என்றார்.

நல்ல கேள்வி. 10,000-இல் 13 என்றால் 9,987 பேர் பிழைத்தவர்கள். எட்டுப் பேரும் அவர்களுள் இருப்பதில் வியப்பில்லை. ஒரு வீட்டை மட்டும் பார்த்து இதை அறிய முடியாது. ஓர் ஊரை, ஓர் இனத்தை, பல தலைமுறைகளுக்கு எண்ணினால் அந்தப் பதின்மூன்று பேர் வந்து நிற்பார்கள். அவர்களும் யாரோ ஒரு பாட்டியின் பேரப்பிள்ளைகளே. உறவுத் திருமணம் செய்தவரைப் பழிப்பது என் நோக்கமன்று. பாசமும் பாதுகாப்பும் கருதியே நம்மவர் அதைக் கைக்கொண்டனர். ஆனால் கணக்கை அறிந்து முடிவு செய்வது ஒன்று. அறியாமல் செய்வது வேறு. எங்கள் வீட்டில் பேச்சு இன்னும் முடியவில்லை. முன்பு ஜாதகம் மட்டும் இருந்த மேசையில் இப்பொழுது அந்தக் காகிதமும் இருக்கிறது.

இரத்தத்தில் ஊறியதா?

“அது அவன் இரத்தத்திலேயே ஊறியது” என்று ஒரு சாதியையோ ஓர் இனத்தையோ சுட்டிப் பேசுவோரை நாம் அறிவோம். வேதியியல் அறிந்தவர்கள் அவர்களுக்கு ஒன்று சொல்லலாம். இரத்தத்துக்குச் செந்நிறம் தரும் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே இல்லை, ஆகையால் டி. என். ஏ.யும் இல்லை. ஏடு இருப்பது வெள்ளணுக்களில். அந்த ஏட்டை விரித்து எந்த இரு மனிதரை ஒப்பிட்டாலும், ஆயிரம் எழுத்துக்கு ஏறத்தாழ ஓர் எழுத்தே வேறுபடும்.

பம்பாய் வகைத் தமிழர் ஒருவர் சயான் மருத்துவமனையில் உயிருக்குப் போராடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஊராரும் சாதியாரும் ஆயிரம் பேர் கையை நீட்டி நின்றாலும் ஒரு சொட்டு உதவாமல் போகலாம். செம்பூரில் வாழும் முன்பின் அறியாத ஒரு மராத்தியரோ, குஜராத்தியரோ, முஸ்லிம் அன்பரோ கொடுக்கும் இரத்தம் அவரைப் பிழைக்க வைக்கலாம். அந்நேரத்தில் உறவு என்பது 725-ஆம் எழுத்து!

ஆகவே, அன்பர்களே, இரத்தம் கொடுக்கச் செல்லுங்கள். ‘ஓ’ என்று அட்டையில் எழுதப்பட்டவர்கள், சிவப்பணுவை மட்டுமின்றி ஊனீரையும் ஓ வகை அணுக்களோடு சேர்த்துச் சோதித்தார்களா என்று இரத்த வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து நிமிடக் கேள்வி அது. நம்முள் எவரேனும் பம்பாய் வகையினர் என்று தெரியவந்தால் அவர் தம் பெயரை வங்கியில் பதிந்து வைக்கட்டும்; தமக்காகவும், எங்கோ காத்திருக்கும் இன்னொருவருக்காகவும்.